பின்கதவுத் தாழ்ப்பாள்

அந்தத் தாழ்ப்பாளைப் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லித் தெரியவந்தால், "இவ்வளவு பேசினாளே, இதை மட்டும் முழுங்கிட்டா பாரு" என்பீர்கள். எனக்கு வாய் நீளம் என்பது பாஸ்டனுக்குப் பக்கத்தில் எங்கள் வாட்டர்டவுனில் இருக்கும் ஆர்மீனியர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பொய் சொல்லமாட்டேன் என்பதும் தெரியும்.

சிரான் வீட்டு மாடியில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலமான வருஷமே அவளும் அவள் புருஷன் மிஹ்ரானும் என்னைக் கூட்டிவந்து மாடியில் வைத்தார்கள். மறுவாரம் அவர்களுடைய பேக்கரியில் வேலைக்கும் வைத்தார்கள். மிஹ்ரான் அடுப்படியில் நிற்பான். நான் முன்னால் நிற்பேன். லஹ்மஜூன் என்கிற எங்கள் கறிரொட்டியைக் கறிப்பக்கம் கறிப்பக்கத்தோடு ஒட்டும்படி ஜோடி ஜோடியாக அடுக்கி, நடுவில் காகிதம் வைத்து, டஜன் டஜனாக எண்ணிக் கட்டுவதுதான் என் வேலை. இருபது வருஷம் எண்ணியதில் கை நின்றாலும் மனசு நிற்காது. படி ஏறினால் படியை எண்ணுவேன். சர்ச்சில் பாதிரியார் தும்மினால் தும்மலை எண்ணுவேன்.

திங்கட்கிழமை பாஸ்டனில் ஓட்டப்பந்தயம் முடிகிற இடத்தில் குண்டு வெடித்தது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஜனங்கள் கை தட்டிக்கொண்டு நின்ற இடம். செவ்வாய்க்கிழமை எங்கள் வாடிக்கைக்காரி ஒரு நர்ஸ் அம்மா கடைக்கு வந்தாள். ஒரு டஜன் கேட்டாள். கட்டிக் கொடுத்தேன். வாங்கியவள் அப்படியே நின்றாள். "எல்லாம் கால், ஹஸ்மிக்," என்றாள். "எல்லாமே கால்." பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டாள். அன்று முழுக்க அந்தப் பொட்டலத்தை யாரும் தொடவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி எங்களுக்கு நாலு தெரு தள்ளித் துப்பாக்கிச் சூடு நடந்தது. குண்டு வைத்தவர்கள் இரண்டு பேராம். ஒருவன் செத்துப்போனான், ஒருவன் தப்பிவிட்டான். எங்கள் தெருக்களுக்குள்தான் எங்கேயோ இருக்கிறான். சத்தம் கேட்டதும் பட்டாசு என்று நினைத்தவர்கள் எல்லாம் அமெரிக்கர்கள். நான் அலெப்போக்காரி, சிரான் பெய்ரூட்காரி. நாங்கள் நினைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு டெலிபோனில் ஒரு பதிவுக்குரல் வந்தது. யாரும் வெளியே வராதீர்கள், கதவு ஜன்னலைப் பூட்டிக்கொள்ளுங்கள், அடையாளம் காட்டும் போலீஸைத் தவிர யாருக்கும் திறக்காதீர்கள். செருப்புகூட மாட்டாமல் கீழே இறங்கினேன்.

கீழே எல்லாம் தலைகீழாக இருந்தது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரு சாண் திறந்து கிடந்தது. குளியல்தொட்டி தளும்பத் தளும்பத் தண்ணீர். மெத்தையை இழுத்துவந்து அறைகளுக்கு நடுவில் இருக்கும் நடையில் போட்டிருந்தாள். பின்கதவு தாழ்ப்பாள் இல்லாமல் சும்மா சாத்தியிருந்தது.

"என்னடி இது? அவன் பூட்டுங்கறான், நீ திறந்து வெச்சிருக்கே?"

"ஜன்னலைச் சாத்தினா குண்டு வெடிக்கிறப்ப கண்ணாடி நொறுங்கி மூஞ்சில அடிக்கும், அக்கா. ஒரு சாண் திறந்திருந்தா காத்து பூந்து போயிடும்."

"இது பெய்ரூட் இல்லடி."

"சத்தம் அதேதானே?"

வாயை மூடிக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். மூடின வாய் எத்தனை நேரம் நிற்கும்?

"சரி, ஜன்னல் போகட்டும். பின்கதவு?"

"அதை எதுக்குப் பூட்டணும்? தெருவுல ஓடறவன் எங்க போய் ஒளிவான்?"

"தெருவுல ஓடறவனைத்தாண்டி தேடிக்கிட்டிருக்காங்க!"

"ஓடறவன் எல்லாம் அவனா? பேப்பர் போடறவன் மாட்டிக்கலாம். நாயைக் கூட்டிட்டுப் போனவ மாட்டிக்கலாம்." அவள் காபிக்குத் தண்ணீர் வைத்தாள். "மிஹ்ரான் வரலாம்."

மிஹ்ரான் பேக்கரியில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், தொள்ளாயிரத்துப் பதினைந்து படுகொலையில் செத்த எங்கள் ஜனத்துக்கு வருஷப் பூசை, அதற்குப் பிறகு கூடத்தில் சாப்பாடு. அறுபது டஜன் கறிரொட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் வியாழன் சாயங்காலமே மாவு பிசையப் போய்விட்டான். செல்போனை எடுத்துப் போகமாட்டான். மாவு பட்டு இரண்டு போன் கெட்டுப்போனதிலிருந்து அது வீட்டில்தான், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடக்கும். பேக்கரிச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய போன் ஒன்றுதான் வழி.

சிரான் பின்கதவைத் தாழ்போடுவதில்லை. வருஷம் பூராவும் அப்படித்தான். முன்கதவுக்கு இரண்டு பூட்டு உண்டு, பின்கதவுக்கு ஒன்றும் கிடையாது. மிஹ்ரான் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தோளால் தள்ளித் திறப்பான். அவன் அந்தக் கதவைத் தட்டி நான் பார்த்ததே இல்லை.

ஏன் அப்படி என்பதும் எனக்குத் தெரியும். எழுபத்தெட்டில், பெய்ரூட் உள்நாட்டுச் சண்டையில் ஷெல் அடித்த ஒரு சாயங்காலம் அவளுடைய அண்ணன் ஜிராயர் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறான். கட்டடத்து வாசற்கதவு பூட்டிக் கிடந்தது. காவல்காரன் பயந்துபோய்ப் பூட்டிவிட்டான். வாசலிலேயே ஜிராயர் போய்விட்டான். பத்தொன்பது வயசு. இந்தக் கதையை இந்தச் சமையலறையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரியும். "அந்தக் காவல்காரன் கை அழுகிப்போக! அவன் வம்சத்துக்குக் கதவே இல்லாமப் போக!" என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். சிரான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். என் கோப்பையில் காபி ஊற்றுவாள்.

ஆறரைக்கு மிஹ்ரான் போன் பண்ணினான். அவள் எடுத்தாள். அவனுக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, பெய்ரூட்டில் போனது. போனில் கத்துவான். அந்தக் கத்தல் எனக்கும் கேட்டது.

"வெளிய விடமாட்டேங்கறாங்க, சிரான்! வாசல்ல ரெண்டு பேர் துப்பாக்கியோட நிக்கிறாங்க!"

"நீ உள்ளயே இரு. சாப்பிட்டியா?"

"மாவு பொங்கிடுச்சு! என்ன பண்ணச் சொல்றே? கொட்டவா முடியும்? சுட்டுக்கிட்டிருக்கேன்!"

"யாரு சாப்பிடுவா?"

"எனக்கென்ன தெரியும்? பொங்கின மாவு சுட்டாகணும்!"

அவள் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

அப்புறம் எங்களுக்கு என்ன வேலை? திராட்சை இலை சுருட்டுகிற வேலைதான். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இலை சுருட்டும் பொறுப்பு சிரானுடையது. ஜாடியிலிருந்து உப்பு இலையை எடுத்து அலசி அடுக்கினோம். உள்ளே வைத்துச் சுருட்ட அரிசி, வெங்காயம், பார்ஸ்லிக் கீரை, எலுமிச்சை. வெளியே நல்ல வெயில். குளிர் விட்டு முதல் சூடு வந்த நாள். அடுத்த வீட்டு வேலியில் மஞ்சள் பூ கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. அதன் சத்தத்தில் அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன.

"எலுமிச்சை போதாது. மாதுளைச் சாறு ஊத்து," என்றேன்.

"உங்க அலெப்போக்காரங்களுக்கு மாதுளையை விட்டா வேற கதி இல்லையா? காபியிலயும் ஊத்துவீங்க."

"உங்க பெய்ரூட்டுல புளிப்புக்கு எலுமிச்சை, இனிப்புக்கும் எலுமிச்சை. நாக்கு செத்த ஜனம்."

"சுருட்டு, சுருட்டு. பருமனா சுருட்டாதே, பாதிரியார் சுருட்டு மாதிரி இருக்கு."

இப்படி இருபது வருஷமாகப் பேசிய பேச்சையே பேசிக்கொண்டிருந்தோம். அவள் கை சுருட்டிக்கொண்டிருக்கும், கண் பின்கதவில் இருக்கும்.

ஒன்பது மணிக்கு என் செல்போன் அடித்தது. அலெப்போவிலிருந்து என் தங்கை வெர்ஜின். அங்கே சிரியாவில் இப்போது சண்டை. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் கூரை இல்லை. ஆறு மாசமாக வாரத்துக்கு இரண்டு தடவை நான்தான் அழுதுகொண்டு அவளுக்குப் போன் பண்ணுவேன்.

"ஹஸ்மிக், டிவில உங்க ஊரைக் காட்டறாங்களே! நல்லாயிருக்கியா? ரொட்டி இருக்கா? தண்ணி பிடிச்சு வெச்சியா?"

"வெச்சிருக்கோம்டி. நீ எப்படியிருக்கே?"

"என்னை விடு. நீ ஜன்னல்கிட்ட நிக்காதே. கேட்டியா? நடையில உட்காரு."

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்துவிட்டது. அலெப்போவில் இருப்பவள் அமெரிக்காவில் இருப்பவளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்கிறாள். உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

பத்து மணிக்குக் கறுப்பாக ஒரு கவச வண்டி எங்கள் தெருவில் ஊர்ந்து வந்தது. அதன் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், தலைக்கவசம், நீளத் துப்பாக்கி. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு வெளியே வந்தார். அவருடைய மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளும் கையைத் தூக்க வேண்டும், குழந்தையையும் விட முடியாது. போலீஸ்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வராமலே அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று சிரான் சொன்னாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் அவள் குளியலறைக்குப் போன நேரத்தில் போன் அடித்தது. நான் எடுத்தேன். மிஹ்ரான்.

"யாரு, அக்காவா? அவ பக்கத்துல இருக்காளா?"

"இல்ல. சொல்லு."

குரலைத் தாழ்த்தினான். அவன் தாழ்த்தினால் மற்றவர்கள் பேசுகிற அளவுக்கு வரும். "பின்கதவு திறந்துதானே கிடக்கு?"

"வேற எப்படி இருக்கும்?"

"அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். நீங்க போய்த் தாழ்ப்பாளைப் போட்டுடுங்க. அவகிட்டச் சொல்லாதீங்க. அந்தப் பையன் எங்க வேணாலும் பூந்துக்குவான். ரேடியோவுல கேட்டேன், கையில துப்பாக்கி இருக்காம், வெடியும் இருக்காம். ரெண்டு பொம்பளைங்க தனியா இருக்கீங்க. எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல."

"நீ வந்தா?"

"நான் எங்க வரப்போறேன்? விடமாட்டாங்க. சாயங்காலம் எல்லாம் முடிஞ்சப்புறந்தான் வருவேன். போடுங்க, அக்கா."

போட்டேன். பித்தளைத் தாழ்ப்பாள், வருஷக்கணக்காக யாரும் தொடாதது. முனகிக்கொண்டு நகர்ந்தது. சிரான் குளியலறைக் குழாயை மூடுவதற்கும் அது குழிக்குள் விழுவதற்கும் சரியாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த மிஹ்ரானுடைய கோட்டை இழுத்து அதன்மேல் தொங்கவிட்டேன். திருட்டு வேலையை எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்தேன் பாருங்கள். நாற்காலிக்கு வந்து இலையைக் கையில் எடுத்தேன். மனசுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மணிக்குச் சிரான் பேக்கரிக்குப் போன் பண்ணினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அடுப்புகிட்ட நிக்கிறான் போல," என்றேன்.

"அடுப்புகிட்ட நின்னா இடது காது போன் பக்கம்தான் இருக்கும். கேக்கும்."

பத்து நிமிஷம் கழித்துத் திரும்பப் பண்ணினாள். அப்புறம் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. அப்புறம் கையிலிருந்து போனைக் கீழேயே வைக்கவில்லை. இருபத்திரண்டு தடவை. நான் எண்ணினேன். இலைக் கிண்ணத்தில் அரிசி காய்ந்துகொண்டிருந்தது.

"கிளம்பிட்டான், அக்கா. எனக்குத் தெரியும். அவன் கிளம்பிட்டான்."

"பைத்தியமா அவனுக்கு? தெருமுனைக்கு ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்."

"தெரு வழியா யாரு வரா? முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் ரொட்டி குடுக்கிறான். எந்த வீட்டுக் கொல்லை எந்த வீட்டுல திறக்கும்னு அவனுக்குத் தெரியாதா? வேலி வேலியா வருவான்." அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "கத்தினாக்கூட அவனுக்குக் கேக்காதே, அக்கா. வலது பக்கத்துலேருந்து 'நில்லு'ன்னா கேக்காதே."

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். கோட்டை விலக்கித் தாழ்ப்பாளை எடுத்திருக்க வேண்டும். எழுந்தேன். தண்ணீர் குடிக்கிற மாதிரி மூன்று தடவை அந்தப் பக்கம் போனேன். மூன்று தடவையும், தப்பி ஓடிய அந்தப் பத்தொன்பது வயசுப் பையன் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது. டிவியில் காட்டிய முகம், சுருட்டை முடி. கை வரவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. வேறு காரணம் எதையும் ஜோடிக்க எனக்கு இஷ்டமில்லை.

மூன்று மணி ஆகியிருக்கும். ஹெலிகாப்டர் எங்கள் கூரைக்கு மேலேயே வந்து நின்றுவிட்டது. வீடு முழுக்க அதிர்ந்தது. சிரான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடைக்கு ஓடினாள். இரண்டு பேரும் மெத்தைமேல் குனிந்து உட்கார்ந்தோம். அங்கிருந்து பின்கதவு தெரியாது. பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காது.

அப்போது பின்கதவில் ஒரு தட்டு விழுந்தது.

விரலால் தட்டுகிற தட்டு இல்லை. கனமாக, மொத்தென்று ஒன்று. காதில் கேட்டதைவிட உட்கார்ந்திருந்த தரையில்தான் தெரிந்தது. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இரண்டு.

சிரான் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. வாயை என் காதோடு வைத்துச் சொன்னாள்: "அசையாதே. அது மிஹ்ரான் இல்ல."

மூன்று.

"அவன் தட்டமாட்டான். கதவுதான் திறந்து கிடக்கே. தட்டறான்னா அது வேற ஆளு."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவளுக்குத் தெரிந்த கதவு திறந்திருந்தது. பூட்டியது எனக்குத் தெரியும், மிஹ்ரானுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. "நான் பூட்டிட்டேன்." இரண்டே வார்த்தை. வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவளுக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. சாயங்காலம்தான் வருவேன் என்றானே, அவனாக இருக்காது, அவனாக இருந்தால் கூப்பிடுவானே என்று மனசு ஓடியது.

நான்கு. ஐந்து.

சிரான் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். ஜெபம் என்று நினைத்தேன்.

ஆறு.

"நான்தான் பூட்டினேன்," என்றேன். கத்தினேனா முனகினேனா தெரியாது. "சிரான், தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். நான்தான். அவன் சொல்லித்தான்..."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியாது. மெத்தையிலிருந்து எழுந்தது தெரியும், நடை முடிவில் அவள் செருப்பு ஒன்று கழன்று கிடந்தது தெரியும். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டாள்.

படியில் மிஹ்ரான் நின்றான். தலைமுதல் கால்வரை மாவு. இரண்டு கையிலும் இரண்டு பெரிய காகிதப் பை. கை ஒழியவில்லை என்று முழங்கையால் இடித்திருக்கிறான். கூப்பிட்டிருந்தாலும் ஹெலிகாப்டர் சத்தத்தில் எங்களுக்குக் கேட்டிருக்காது. எங்களைப் பார்த்து என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அவனுக்குப் பின்னால், இன்னும் துளிர் விடாத திராட்சைப் பந்தலுக்கு அடியில், நாலு பேர் துப்பாக்கியை அவன் முதுகுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் வலது பக்கத்தில்.

"கையைத் தூக்கு! பையைக் கீழ போடு! போடு!"

ஹெலிகாப்டர் இரைச்சலையும் மீறி எங்களுக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பினான். திரும்பியதும் அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள். அவன் பயந்துபோனான். பையைக் கீழே போடச் சொல்கிறார்கள் என்பது கடைசியில் புரிந்தது. ஆனால் அதில் இருந்தது ரொட்டி. எங்களில் யாரும் ரொட்டியைத் தரையில் போடமாட்டோம். கை தவறி விழுந்தாலே எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைப்போம். மிஹ்ரான் சுற்றும்முற்றும் பார்த்தான். படியின் கைப்பிடிக் கம்பியில் பையை மாட்டலாம் என்று மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் பக்கம் குனிந்தான்.

துப்பாக்கிகளும் அவனோடு குனிந்தன.

சிரான் ஒற்றைச் செருப்போடு வெளியே பாய்ந்தாள். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டே போய் அவனுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். அவனுடைய இடது காதில் கத்தினாள்.

"போட்டுத் தொலை! ரொட்டியைப் போடு, மிஹ்ரான்! சாமி மன்னிக்கும்!"

அவன் அப்போதும் போடவில்லை. அவள் தூக்கிய கையை இறக்கிப் பையை ஓங்கி அடித்தாள். காகிதம் கிழிந்தது. கறிரொட்டிகள் படியிலும் புல்லிலும் சிதறின. ஆவி பறந்தது. மிஹ்ரான் கையைத் தூக்கினான்.

யாரும் சுடவில்லை. அந்தச் சில நொடிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நான் எண்ணவில்லை.

ஹெலிகாப்டர் நகர்ந்து போனது. ஒரு போலீஸ்காரன் வந்து அவனைத் தடவிப் பார்த்தான். சின்னப் பையன், மீசைக்கு மேலே வேர்வை முத்து முத்தாக நின்றது.

"இது உங்க வீடா, சார்?"

"என் வீடுதான். என் பெண்டாட்டி."

"ஏன் சார் வெளிய வந்தீங்க?"

மிஹ்ரான் இடது காதைத் திருப்பிக் கேட்டான். பிறகு சொன்னான்: "காலையில போன்ல பேசினப்ப அவ குரல் சரியில்ல. தனியா இருக்கா." யாரும் கேட்காமலே, "சூடா இருக்கு. நீங்க யாராவது சாப்பிட்டீங்களா?" என்றான்.

"உள்ள போங்க, சார். தயவுசெய்து உள்ள போங்க," என்றான் அந்தப் பையன். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள், தொட்டித் தண்ணீரைப் பார்த்தார்கள், மெத்தையைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அவர்கள் போன பிறகு சிரான் படியில் மண்டியிட்டு ஒவ்வொரு ரொட்டியாகப் பொறுக்கினாள். ஒவ்வொன்றையும் உதட்டில் வைத்து எடுத்துத் தட்டில் அடுக்கினாள். நான் குனிந்தேன். என் கையைத் தள்ளிவிட்டாள்.

"அக்காவை ஒண்ணும் சொல்லாதே," என்றான் மிஹ்ரான். "நான்தான் பூட்டச் சொன்னேன்."

சிரான் மேஜையில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து இலை சுருட்ட ஆரம்பித்தாள். மாடிக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்து நானும் சுருட்டினேன். மிஹ்ரான் நாற்காலியில் மாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். இரண்டு கிலோ இலையும் தீர்கிற வரைக்கும் அந்தச் சமையலறையில் ஒரு பேச்சு இல்லை. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பவும் சுட்ட சத்தம் கேட்டது. கிட்டத்தில்தான். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தெருவில் ஆள் நடமாட்டம், கார் ஹார்ன், ஜனங்கள் கை தட்டுகிற சத்தம். பிடித்துவிட்டார்களாம், உயிரோடு. ஒருத்தர் வீட்டுக் கொல்லையில் படகுக்குள் ஒளிந்திருந்தானாம். மிஹ்ரான் எழுந்து முன்வாசலுக்குப் போனான். எதிர்வீட்டுக்காரர் அவனைக் கட்டிக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரிப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. திங்கட்கிழமையும் இப்படித்தான் கை தட்டிக்கொண்டு நின்றார்கள், அந்தப் பந்தயத்தில்.

சிரான் பானையில் இலைச்சுருளை வட்டம் வட்டமாக அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, கல்லைப் பாரம் வைத்தாள். அடுப்பை ஏற்றினாள். கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை தட்டு?"

எனக்கு விளங்கவில்லை.

"நீ எல்லாத்தையும் எண்ணுவியே. எத்தனை தட்டு வரைக்கும் சும்மா இருந்தே?"

"ஆறு," என்றேன். அழுகை வந்துவிட்டது. "ஆறாவதுல சொல்லிட்டேன், சிரான். பயந்துட்டேன். வாய் வரலடி. என்னை என்ன வேணா சொல்லு. செருப்பால அடி."

அவள் அடிக்கவில்லை. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுல சொல்லிட்டே," என்றாள். "அன்னிக்குக் கட்டடத்துல காவல்காரன் யாரும் கிடையாது, அக்கா. எங்களுக்கு எங்கேருந்து காவல்காரன்? அம்மா மேல இருந்தாங்க. என்னைக் கீழ போய் வாசலைச் சாத்திட்டு வரச் சொன்னாங்க. சாத்தினேன். பூட்டுன்னு யாரும் சொல்லல. நான்தான் பூட்டினேன். படியிலேயே உட்கார்ந்திருந்தேன். தட்டினான். துப்பாக்கி தூக்கின மிலிஷியாக்காரன்னு நினைச்சேன். ஜிராயர்னா கூப்பிடுவானேன்னு நினைச்சேன்."

வெளியே இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்பது எண்ணினேன். பத்தாவது வரல."

சொல்லிவிட்டு அவள் எழுந்துபோய் அடுப்பைக் குறைத்தாள். காபிக் கிண்ணியை எடுத்தாள். எனக்கு ஒரு கோப்பை, மிஹ்ரானுக்கு ஒரு கோப்பை, அவளுக்கு ஒன்று. அவள் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது வருஷமாக அந்தக் காவல்காரனை நான் திட்டியிருக்கிறேன். கை அழுகிப்போக என்று இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அவள் எனக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.